பதினோராவது நிமிடத்தில் ஓர்லோ பேசினான்

மன்னிச்சுக்கங்க அக்கா, உட்காருங்க. “கீரனூர் எறங்குறவங்கல்லாம் முன்னால வா” என்று கத்தியது கண்டக்டர் இல்லை, நான்தான். அவர் அதோ கீழே நிற்கிறார், டிரைவரோடு டீ குடித்துக்கொண்டு. ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது. கூட்ஸ் வண்டி போகாமல் பஸ் நகராது. உங்களோடு சேர்த்து ஆறு பேர் எழுந்தார்கள். பின்சீட்டுப் பெரியவர் மூட்டையைத் தலைக்கே ஏற்றிவிட்டார். தப்புதான். காரைக்குடியில் ஏறியதிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

முறைக்காதீங்க அக்கா. கேட் திறக்கிற வரைக்கும் ஒரு நியாயம் சொல்கிறேன், நீங்க தீர்ப்பு சொல்லுங்க. நீங்க என்னைத் தெரியாத ஆள், அதனால் கேட்கிறேன்.

என் பெயர் சொக்கலிங்கம், பிளஸ் டூ. எனக்கு எல்லார் குரலும் வரும். போன வருஷம் பிரேயர் மைக்கில் ஹெச்.எம். குரலில் அரைநாள் லீவு விட்டேன், பாதிப் பள்ளிக்கூடம் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. நாலு நாள் வெளியே நிற்கவைத்தார்கள். அந்த நாலு நாளும் வாட்ச்மேன் குரலைக் கற்றுக்கொண்டேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்னொருவரிடம் இருக்கிற எதுவும் எனக்கு வேண்டியதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்க.

தால்மிரா என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ராஜா, கோட்டை, மந்திரம் எல்லாம் உண்டு. ஐந்து பாகம் வந்திருக்கிறது. அதில் ஒரு படகோட்டி, பெயர் ஓர்லோ. இரண்டாம் பாகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் வருஷம் வெள்ளம் வந்து செத்துப்போகிறான். கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. நான்காம் பாகம் நடப்பது முந்நூற்று நாற்பதில். அதே ஓர்லோ வந்து ராணியைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறான். செத்தவன் இருபத்தெட்டு வருஷம் கழித்து எப்படித் துடுப்புப் போடுவான்? சிரிக்கிறீங்க. எங்க அம்மாவும் சிரித்தாள். எங்கள் குழுவில் முந்நூறு பேர் மூன்று வருஷமாக இதற்குத்தான் அடித்துக்கொள்கிறோம்.

என் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கதிரேசன் வீட்டில் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவன். அவன் மவுஸைப் பிடிப்பான், நான் பக்கத்து ஸ்டூலில். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. எழுத்து ஓடும், சத்தம் வராது. அதனால் நான் பேசினேன். ராஜாவுக்கு ஒரு குரல், சூனியக்காரிக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட. ஓர்லோவுக்குத் தொண்டைக்கு அடியிலிருந்து, ஈர மணலை இழுக்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தேன். ஒரு வருஷம். பிறகு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து ஹெட்போன் வாங்கிவந்தார். கதிரேசன் அதை மாட்டிக்கொண்டு அசல் ஓர்லோவைக் கேட்டுவிட்டுக் கழற்றினான். “நீ பேசினதுதான்டா நல்லாருக்கு” என்றான். அக்கா, அந்த வருஷம் எனக்கு அரையாண்டில் மூன்று பாடம் போயிற்று, வருத்தமே இல்லை.

குழுவுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பஞ்சாயத்து. எல்லோரும் போனில் ஒரே அழைப்பில் வருவோம். தலைவர் சபேசன் சார், கும்பகோணத்தில் பேங்கில் வேலை. பேசுவதற்கு முன் மூன்று தடவை கனைப்பார். இப்படி. ஆமாம், அவரேதான், பார்த்தீங்களா. அங்கே சட்டம் உண்டு. எது சொன்னாலும் சாட்சி வேண்டும், அதாவது விளையாட்டிலிருந்து எடுத்த வீடியோத் துண்டு. சாட்சி சரியென்றால் காலக்கணக்கில் ஏறும். காலக்கணக்கு என்பது தால்மிராவில் எந்த வருஷம் என்ன நடந்தது என்று நாங்கள் எழுதிவைத்திருக்கிற பட்டியல். பொய்ச் சாட்சி கொண்டுவந்தால் ஆயுசுக்கும் வெளியே. இன்னொருவர் சாட்சியைப் பொய் என்று சொல்லிவிட்டு நிரூபிக்காவிட்டால் மூன்று மாதம் வாயைத் திறக்கக் கூடாது, எழுதவும் கூடாது.

ஓர்லோ விஷயத்தில் இரண்டு கட்சி. படகோட்டுவது அவன் மகன் என்று ஒரு கட்சி. ஆவி என்று ஒரு கட்சி. நான் ஆவிக் கட்சி. காரணமெல்லாம் இல்லை, ஆவி என்றால் குரல் நடுங்க வேண்டும், அது எனக்கு நன்றாக வரும். கதிரேசனும் என் கட்சியில்தான் இருந்தான்.

அப்போதுதான் அவள் வந்தாள். மெர்சி ஜெபராணி, தூத்துக்குடி, எங்கள் வயது. வந்த இரண்டாவது ஞாயிறே இரண்டு துண்டு வீடியோவைப் போட்டாள். இரண்டாம் பாகத்தில் ஓர்லோ இடது தோளைக் கொடுத்துக் கழி ஊன்றுகிறான். நான்காம் பாகத்தில் வலது கையால் மட்டும் துடுப்புப் போடுகிறான், படகு ஒரு பக்கமாகத் திரும்பும்போதெல்லாம் உடம்பைச் சாய்த்து நேராக்குகிறான். “எங்கப்பாக்குத் தோள் எறங்கினப்ப வள்ளத்த இப்படித்தாம் கொண்டு வந்தாவ” என்றாள். “இது மவனும் இல்ல, பேயும் இல்ல. தோள் போன அதே ஆளு. கல்லறைல கெடக்கது வேற யாரோ.”

மூன்று வருஷமாக ஆயிரம் தடவை அந்தப் படகைப் பார்த்திருக்கிறோம், ஒருவனும் கையைப் பார்க்கவில்லை. சபேசன் சார் கனைக்கக்கூட மறந்துவிட்டார். அப்பாவுக்கு மீன்பிடிக்கிற வள்ளம் இருந்தால் யாருக்கும் தெரிகிற விஷயம் அது. அதில் அவளுடைய சாமர்த்தியம் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்க. கல்லறையில் யார் என்பதற்குச் சாட்சி இல்லாததால் கணக்கில் ஏறவில்லை. ஆனால் கதிரேசன் கட்சி மாறிவிட்டான்.

கட்சி மாறினால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தால்மிரா பாஷைக்கு அகராதி எழுத ஆரம்பித்தார்கள். விளையாட்டில் இடையிடையே பேசுகிற பொய்ப் பாஷை அது, நானூறு சொல் சேர்த்துவிட்டார்கள். சபேசன் சார் காலக்கணக்கை எழுதுகிற பொறுப்பையும் அவளிடம் கொடுத்துவிட்டார். தினம் சாயங்காலம் நான் போவேன், அதே ஸ்டூலில் உட்காருவேன். கதிரேசன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளோடு பேசுவான். ஒரே ஒரு ஹெட்போன் அக்கா. எனக்கு அவன் பாதி மட்டும் கேட்கும். “ம்.” “ஆமா.” “ஐயோ, ஆமா மெர்சி.” பிறகு ஒரு சிரிப்பு. என்னடா என்று கேட்டால், அதை விளக்கினா நல்லாருக்காது என்பான். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. நான் விளக்கினால்தான் எல்லாமே நன்றாக இருக்கும்.

சரி, ஒரு பொறி வைக்கலாம் என்று தோன்றியது. கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்குச் சாதகமாகவே ஒரு சாட்சி செய்வது. அவள் துள்ளிக்கொண்டு எடுத்துப் பஞ்சாயத்தில் வைப்பாள். எல்லோரும் கைதட்டி முடிந்ததும் நான் எழுந்து, அது என் குரல் என்பேன். அவள் முகம் போகும். முகம் தெரியாது, சும்மா சொல்கிறேன்.

அவள் எழுதின அகராதியையே வைத்துக்கொண்டு ஓர்லோவுக்கு மூன்று வரி எழுதினேன். கல்லறையில் கிடப்பவன் அவன் தம்பி என்று வைத்துக்கொண்டேன், ‘தம்பி’ என்பதற்கு அகராதியில் சொல் இல்லை. ‘சின்ன’ இருந்தது, ‘இரத்தம்’ இருந்தது. ‘சின்ன இரத்தம்’ என்று போட்டேன். அர்த்தம் இதுதான்: “தண்ணீர் என் தோளை எடுத்தது, என் சின்ன இரத்தத்தை எடுத்தது. கல்லில் என் பெயர், கீழே அவன். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் துடுப்புப் போடுகிறேன்.” எழுத இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் குடத்துக்குள் வாயை வைத்து ஏழு தடவை சொல்லிப் போனில் பதிவு செய்தேன். கதிரேசன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் கம்ப்யூட்டரில் படகுத்துறையில் ஆளை நிறுத்தி வீடியோ எடுத்து, ஏழாவதை அதில் ஒட்டி, வேறு பெயரில் குழுவில் போட்டுவிட்டேன். நான்காம் பாகத்தில், மழை பெய்கிறபோது, துறையில் எதையும் தொடாமல் பதினோரு நிமிடம் நின்றால் ஓர்லோ பேசுகிறான் என்று ஒரு குறிப்பு. நின்று பார்த்துக் கேட்கவில்லை என்றால் மழை போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள், அதுதான் திட்டம்.

அன்று சாயங்காலம் முந்நூறு பேரும் துறையில் நின்றார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? கேட்டுவிட்டது. சிரிக்காதீங்க, கேட்டுவிட்டது. சேலம் தண்டபாணி தனக்கு இரண்டு தடவை கேட்டது என்றான். “எனக்கு ஷேல்ங்கிற வார்த்தையில லேசா இருமினான்” என்றான், ஷேல் என்றால் அந்தப் பாஷையில் இரத்தம். சபேசன் சாருக்குப் பன்னிரண்டாவது நிமிஷம் வந்ததாம், அவர் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாம். எண்பத்தொரு பேர் கேட்டதாக எழுதினார்கள். ஒருத்தர்கூட வீடியோ எடுக்கவில்லை, எடுப்பதற்குக் கைவைத்தால் பதினோரு நிமிஷம் கலைந்துவிடுமே. நான் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தேன். எண்பத்திரண்டாவதாகக் கதிரேசன் எழுதினான், தனக்கும் கேட்டது என்று.

ஒரு வருஷம் அவன் காதுக்குப் பக்கத்தில் பேசின குரல். சரி, விடுங்க. குடம் கொஞ்சம் மாற்றியிருக்கும்.

அவள் மட்டும் தனக்குக் கேட்கவில்லை என்றாள். நாலு தடவை நின்றாளாம். மறுநாள் குழுவின் ஆப்பிலேயே எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள், அதில் யாருடைய போன் நம்பரும் தெரியாது: “மூச்சு எடுக்குத எடம் ஒன்னோடது சொக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே சொல்லிரு.” நான் பஞ்சாயத்தில் செய்கிற மிமிக்ரி எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருக்கிறாளாம், திரும்பத் திரும்பக் கேட்பாளாம். எவ்வளவு உஷார் பாருங்க, எதிராளியின் ஆயுதத்தை எண்ணிவைத்திருக்கிறாள். நான் பதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. தன் கட்சி ஜெயிக்கிற சாட்சி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஓர்லோ விஷயத்தை முடித்தவள் என்று அவள் பெயர்தான் நின்றிருக்கும். அவளோ அந்த வீடியோ பொய், கணக்கில் ஏற்றமாட்டேன் என்கிறாள். சபேசன் சார் நிதானமாகக் கேட்டார், எண்பத்திரண்டு பேருக்குக் கேட்டது உனக்குக் கேட்கவில்லை என்பதற்காகவா என்று. அவள் தயங்கினாள். செய்தது யார் என்று தனக்குத் தெரியும், ஆனால் அவரே சொல்லட்டும் என்றாள். பெயரைச் சொல் அல்லது நிரூபி, சட்டம் அதுதான் என்றார் சார். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, “சொல்லமாட்டேன் சார்” என்றாள்.

தைரியம் இல்லை அக்கா. பெயரைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டாமா? மூன்று மாதத் தடை. காலக்கணக்கைப் பறித்துக்கொண்டார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஆரம்பித்தது பாருங்க. எல்லோரும் ஓர்லோவின் வரியை ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். தால்மிரா ஐந்து பாகத்திலும் இப்படி ஒரு வசனம் இல்லை என்கிறார்கள். சேலம் தண்டபாணி ‘சின்ன இரத்தம்’ என்று கையில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்கிறான், அவன் தம்பிக்கும் அவனுக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சில்லையாம், இதைக் கேட்டுவிட்டுப் போன் பண்ணினானாம். சபேசன் சார் பஞ்சாயத்தில் குரல் உடைந்து சொல்கிறார், அப்பா போனபோது வராத அழுகை இதற்கு வந்தது என்று. யாரைப் பாராட்டுகிறார்கள்? ஓர்லோவை. இருபது நிமிஷத்தில் எழுதியவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான், பாராட்டு முழுக்க ஒரு பொம்மைப் படகோட்டிக்கு. அவனுக்குத் தோளும் இல்லை, தொண்டையும் இல்லை, நான் போட்ட தொண்டை. எனக்கு வந்தது பாருங்க ஒரு எரிச்சல், மெர்சியைப் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை.

ஆறு ஞாயிறு பொறுத்தேன். போன ஞாயிறு எழுந்து சொல்லிவிட்டேன். நான்தான் செய்தேன், நான்தான் எழுதினேன், கேளுங்க என்று மூன்று வரியையும் பேசிக் காட்டினேன். குடம் இல்லாமலே. அதைவிட நன்றாக என்னால் பேச முடியாது.

கைதட்டினார்கள். அசத்திட்ட சொக்கு, அப்படியே இருக்கு என்றார்கள். நான் மறுபடியும் சொன்னேன், அப்படியே இருக்கு இல்லை, அதேதான் என்று. தண்டபாணி சிரிக்கிறான். உடனே சபேசன் சார் கனைத்தார், மூன்று தடவை. “தம்பி, நீ நல்லாப் பண்றே. ஆனா அசல்ல இருக்கிற அந்த வலி இருக்கு பாரு, அது உனக்கு வரலை. வயசு ஆகணும் அதுக்கு” என்றார்.

வலி வரவில்லையாம். எனக்கு. என் வலியை விட என் வலி அதிகமாம்.

அதோடு விட்டாரா? நாளைக்குத் திருச்சியில் முதல் தடவையாக எல்லோரும் நேரில் கூடுகிறோம். காலக்கணக்கை எட்டடி பேனரில் அச்சடித்துத் திறக்கப்போகிறார்கள், நடுவில் என் மூன்று வரி, கீழே ஓர்லோ என்று பெயர். நான் மேடை ஏறி ஓர்லோ மாதிரி பேசிக் காட்ட வேண்டுமாம். மாதிரி. மேடை கிடைத்துவிட்டது அக்கா, அதனால்தான் அத்தை வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று இன்றைக்கே கிளம்பினேன். கதிரேசனைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம், ஹெட்போன் கிடையாது, ஒன்றும் கிடையாது. “மெர்சி இல்லாம என்னத்துக்குடா” என்றான். அவள் இல்லாமல்தானே அக்கா நாங்கள் ஆறு வருஷம் இருந்தோம்?

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். குடத்துக்குள் ஏழு தடவை பேசினேன் என்றேன் இல்லையா, அது முழுசும் இந்தப் போனில் அப்படியே இருக்கிறது. நேற்று அழிப்பதற்காக எடுத்தேன், கேட்டேன், அழிக்கவில்லை. இந்தாங்க, காதில் வையுங்க. இது முதல் தடவை, சிரித்துவிட்டேன். இரண்டாவதில் அம்மா வருகிறாள், குடத்தில் என்னடா உளறுகிறாய், தண்ணீர் நின்றுவிடப் போகிறது என்று. மூன்றாவது கேளுங்க. அதில் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அன்றைக்குக் கதிரேசன் வீட்டு ஸ்டூலில் அவன் அம்மா மாவு டப்பாவை வைத்துவிட்டார்கள், நான் ரொம்ப நாளாக வருவதில்லை என்று நினைத்துக்கொண்டு. நான் முந்தின நாள்கூடப் போயிருந்தேன். அதை நினைத்துக்கொண்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது. ஓர்லோவுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

இதைக் குழுவில் போட்டால் யாரும் மறுக்க முடியாது. அம்மா சத்தத்தோடு இருக்கிறதே. வரி என்னுடையது என்று ஆகிவிடும். ஆயுசுக்கும் வெளியே போட்டுவிடுவார்கள். போடவில்லை என்றால் மேடை, கைதட்டல், கதிரேசன் வராவிட்டாலும் வீடியோ பார்ப்பான். எது செய்யட்டும்?

என்ன கேட்டீங்க? அந்தப் பெண் என்ன ஆனாள் என்றா? நான் என்னைப் பற்றிக் கேட்கிறேன், நீங்களும் அவளையே கேட்கிறீங்க. அவளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது தடை. நாலு மாதம் உட்கார்ந்து எழுதின காலக்கணக்கு, நாளைக்குப் பேனரில் அவள் பெயர் இருக்காது. பொய் சொன்னவள் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். நான்கூட இரண்டு தடவை அவள் குரலில் பேசி மிமிக்ரி செய்தேன், நன்றாகச் சிரித்தார்கள். பிறகு அந்தக் குரல் வாயில் சரியாக உட்காரவில்லை, விட்டுவிட்டேன்.

இப்படிப் பார்க்காதீங்க அக்கா. நான் அவளுக்காகவெல்லாம் செய்யமாட்டேன். எனக்கு என் பெயர் வேண்டும், அவ்வளவுதான். இந்தாங்க, போட்டுவிட்டேன். பார்த்தீங்களா, போய்விட்டது. ஏழு தடவையும் போய்விட்டது.

எல்லோரும் கேட்கிறார்கள். சபேசன் சார் எழுதுகிறார். நிறுத்திவிட்டார். எழுதுகிறார். நிறுத்திவிட்டார். தண்டபாணி போட்டுவிட்டான் பாருங்க: “அப்ப எனக்குக் கேட்டது என்ன?” நல்ல கேள்வி. அவன் தம்பி என்ன சொல்வானோ. கதிரேசன் வந்துவிட்டான். “மெர்சி, ஸாரி.” அவ்வளவுதான். மெர்சி ஸாரி. எனக்கு ஒரு வரி போடவில்லை. ஒரு திட்டாவது போடலாம் இல்லையா? மூன்றாவதைக் கேட்டானோ என்னவோ.

ஆங், முடிந்தது. குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். சட்டம் என்றால் சட்டம், நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. சிரிப்புதான் வருகிறது அக்கா. வரி என்னுடையது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு அங்கே நான் இல்லை.

யார் இது, புது நம்பர். பெயர் காட்டுகிறது. மெர்சி ஜெபராணி. இவளுக்கு என் நம்பரை யார் கொடுத்தது? கதிரேசன்தான். அவள் நம்பரை நான் மூன்று தடவை கேட்டபோது, கேட்டுட்டுத்தான் தருவேன் என்றவன், என்னுடையதை ஒரே நிமிஷத்தில் தூக்கிக் கொடுத்திருக்கிறான் பாருங்க.

அடிக்கிறது. கேட் வேறு திறந்துவிட்டது, கண்டக்டர் ஏறுகிறார். நீங்க இறங்குவதற்குள் ஒரு உதவி செய்யுங்க. நீங்க எடுங்க. சொக்கு குளிக்கப் போயிருக்கான், நான் அவன் பெரியம்மா மகள் என்று சொல்லுங்க. நான் எடுப்பதில் ஒன்றும் கஷ்டமில்லை, சபேசன் சார் குரலில் எடுக்கலாம், கண்டுபிடித்துவிடுவாள். ஓர்லோ குரலில் எடுக்கலாம், கண்டுபிடித்துவிடுவாள். நான் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதிகம் பேசாதீங்க அக்கா, சட்டென்று வைத்துவிடுங்க. நான் இங்கேதான் இருக்கிறேன் என்பது அவளுக்குக் கேட்டுவிடும். அவளுக்கு மட்டும் காது அப்படி.